தகைவிலானின் அழுகை

கடல் தாண்டி அந்நிய ஏரிக்கு வந்து ஐந்து மாதமான தகைவிலான் குருவிக்கு, ஒரு நாள் வானமே சொந்தமாகத் தெரியும். மறுநாள் அழுகை பொத்துக்கொண்டு வரும். அன்றும் பாலத்துக்கடியில் உட்கார்ந்து விம்மியது.

"இந்த ஊர் எனக்கு ஒத்துவரலே. இப்பவே கிளம்பறேன்."

"கடைசியா எப்போ சாப்பிட்டே?" என்று கேட்டது அங்கே குடியிருந்த தவளை.

யோசித்துப் பார்த்தால், முந்தாநாள். குருவி பறந்துபோய் நாலைந்து கொசுக்களைப் பிடித்து விழுங்கியது. நெஞ்சுப் பாரம் மளமளவென்று இறங்கவும், அதற்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ இத்தனை நாள் நான் அழுததெல்லாம் பசியிலயா?"

"பாதிதான் பசி," என்றது தவளை. "மீதி நிஜமாவே ஊர் ஞாபகம். அதுக்குக் கொசு போதாது. இப்படி வந்து உட்காரு."

குருவி பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது.