குழாய் பார்க்க வந்தவர்

மத்தியான வெயில் ஜன்னல் திரையைத் தாண்டிக் கட்டிலில் விழுகிறது. யாரோ வாசல் கதவை முஷ்டியால் ஓங்கிக் குத்துகிறார்கள். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கணவன் அலறி எழுகிறான். தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையை வாரிக்கொண்டு குளியலறைக்குள் பாய்ந்து, அதன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்துகிறான். "மூச்சுக் காட்டாதே, ஆர்மிக்காரன் வந்துட்டான்" என்று மனைவியிடம் சீறுகிறான். போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. "விடுங்க, பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு!" அவள் அவன் முகத்தில் அறைகிறாள், பிறாண்டுகிறாள். கை நகரவில்லை. மணிக்கட்டைக் கவ்வி, பல் எலும்பில் முட்டும்வரை கடிக்கிறாள். அவன் ரத்தம் குழந்தையின் கழுத்தில் வழிகிறது, பிடி தளர்கிறது, குழந்தை வீறிட்டு அழுகிறது. வெளியே, ஒழுகும் குழாயைப் பார்க்க வந்தவர் மறுபடி தட்டுகிறார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூத்தவளைத் தேடுகிறாள். இங்கேயே பிறந்து, துப்பாக்கிச் சத்தமே கேட்டிராத மகள், துணி அலமாரிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "குழாய்க்காரர்தான்டா கண்ணு, வெளியே வா." மகள் அசையவில்லை. அழும் தம்பியையே வெறித்துப் பார்க்கிறாள். "அம்மா," என்று கிசுகிசுக்கிறாள், "சீக்கிரம் அவன் வாயைப் பொத்து."