நாய்க்கென்று வந்த மீன்

"பச்சையாவா போட்டே? நாய்க்குப் பச்சை மீனு ஆவாதுன்னு தொரை எத்தினி தபா சொல்லிகீறாரு!"

பட்லர் இன்னாசி தலையில் அடித்துக்கொண்டார். ராயபுரத்தில் கப்பல் துரையின் பங்களாவில் நாயைக் கவனிக்கும் வேலை அங்கம்மாவுடையது. மீனை வேகவைத்து, முள்ளெடுத்துத்தான் போட வேண்டும் என்பது துரையின் கண்டிப்பான உத்தரவு. இப்போது கொல்லைப்புறத்தில் பிரின்சு எச்சில் வடியக் கிடந்தது. கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்த நாய், பின்னங்காலை அசைக்க முடியாமல் முனகியது.

அங்கம்மா முந்தானையால் நாயின் எச்சிலைத் துடைத்தாள். "மத்தியானம் அப்டியே போட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டேன் பட்லரே. திரும்பி வந்து பாத்தா இப்டிக் கெடக்குது. மில்லு சங்கு ஊதிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. சங்கு ஊதினா தொரை வந்துடுவாரு. உனுக்கு வேலை பூடும். எனுக்கும்தான்."

மீன் கூடையோடு வந்திருந்த வேலப்பன் குனிந்து, நாயின் இமையைத் தூக்கிப் பார்த்தான். கட்டுமரத்தில் போகிறவன்.

"பச்சை மீனு துன்னா முள்ளு குத்தும், வயித்துல பூச்சி வைக்கும். இப்டிக் காலு வுயுந்து போவாதே. இன்னா மீனு அது?"

இன்னாசி நாய்க்குத் தண்ணீர் எடுப்பதுபோல் திரும்பினார்.

"பட்லரே, உங்களத்தான் கேக்குறேன்."

"கரையில ஒதுக்கிப் போட்டிருந்துச்சுப்பா. வயிறு உப்பின மீனு. நாய்க்குத்தானேன்னு எடுத்தாந்து தோலை உரிச்சுக் குட்த்தேன்."

வேலப்பன் கூடையை நழுவவிட்டான். "அடப்பாவி மனுசா! பேத்தை மீனு அது, அத்தினியும் வெசம்! நாய்ங்க வாய் வெச்சிடப் போவுதுன்னு நாங்க மணல்ல பொதைக்கிற மீனு. குயி தோண்றதுக்குள்ள தூக்கினு வந்துட்டீங்களா?"

அங்கம்மா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். "வேக வெச்சா வெசம் பூடுமா அண்ணே?"

"நீதான் பச்சையா போட்டுட்டியே. அத்த இப்போ கேட்டு இன்னா பண்ணப் போறே?"

"சொல்லுண்ணே! கொதிக்கக் கொதிக்க வெச்சா?"

"எத்தினி கொதிச்சாலும் போவாதும்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நாலு மீனு குட்த்தேன்," என்றார் இன்னாசி மெதுவாக. "அத்தினியுமா துன்னுச்சு?"

"ஆமா, அத்தினியும்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

"நாலும் துன்னிருந்தா இந்நேரம் உசுரு இருக்காதே," என்று வேலப்பன் முணுமுணுத்தான்.

இன்னாசிக்கு மனசு கரைந்தது. "அயுவாத அங்கம்மா. குத்தம் என்னுது. தொரை கால்ல நானே வுயறேன். ஒரு நாய்க்காவ இப்டி உருகுற பொம்பளைய நான் பாத்ததே இல்ல."

அப்போது தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மில் சங்கு நீளமாக ஊதியது.

"ஐயோ, ஊதிட்டானே!" அங்கம்மா அலறிக்கொண்டு எழுந்தாள். கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.

"ஓடாத! ஓடினா பயி உம்மேலதான் வுயும்! தொரைக்கு நான் சொல்லிக்கிறேன்!" என்று இன்னாசி பின்னாலிருந்து கத்தினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துரை வீட்டு அடுப்பில் வேகவைத்தால் மீன் குறைவது தெரிந்துவிடும் என்றுதான் நாய்க்கு இரண்டைப் பச்சையாகவே போட்டிருந்தாள். மடியில் கட்டிப் போன மற்ற இரண்டும் குழம்பாகி அவள் குடிசையில் மூடியிருக்க, சங்குச் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு ஓடி வந்து சட்டியைத் திறப்பாள், அவள் மகள் மங்கை.