பதினெட்டாவது சைக்கிள்

சிறுவர் சைக்கிளின் முன்சில்லைத் தாங்கும் கவை முறிவதாகவும், விற்றவற்றைத் திருப்பி எடுக்கும்படியும் கம்பனி அறிவித்தது. லிங்கநகரில் சைக்கிள் கடை வைத்திருந்த கமலேஸ்வரி தம்பலகாமம் வரை வீடு வீடாக அலைந்து, தான் விற்ற பதினேழையும் மீட்டுவிட்டாள். ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை என்பதில் அவளுக்குப் பெரிய பெருமை.

அன்று மாலை ஒரு சிறுமி அதே வகைச் சைக்கிளை உருட்டிவந்தாள். கவை ஏற்கெனவே முறிந்திருந்தது.

"அன்ரி, இதையும் எடுப்பீங்களோ?"

"இது நான் வித்ததில்லையே, பிள்ளை."

"ஓம். ஆனா, துறைமுக ஜெட்டியில இது முறிஞ்சு நான் கடலுக்குள்ள விழுந்த நேரம் ஒருத்தரும் பக்கத்தில இல்லை."

கமலேஸ்வரி உள்ளே போனாள். பதிலுக்குக் கொடுக்க வந்திருந்த பதினேழு புதிய சைக்கிள்களில் ஒன்றை எடுத்து, ஆசனத்தைச் சிறுமியின் உயரத்துக்குப் பதித்துக் கொடுத்தாள். சிறுமி மணியடித்தபடி துறைமுகப் பக்கம் போனாள்.

மறுநாள் பதினேழு பிள்ளைகளும் வந்தார்கள். கடைசிப் பிள்ளைக்கு இல்லாமல் போகும் என்று அவள் பயந்திருந்தாள். ஆனால் அவனுக்கும் ஒன்று இருந்தது. பின்வளவில் அந்த முறிந்த சைக்கிள் மட்டும், கொளுத்தும் வெயிலிலும் காயாமல், கடல்நீர் சொட்டியபடி நின்றது.

கம்பனிக்காரர் போனில் கேட்டார்: "பதினேழும் குடுத்து முடிஞ்சுதோ?"

"பதினெட்டு," என்றாள் கமலேஸ்வரி நிமிர்ந்து. "ஒரு பிள்ளையையும் விடேல்லை."