ரெஜிலாவின் கையில் லிவர்

கிருஷ்ணன்குட்டியின் வலது கை முட்டிக்கு மேல்வரை இயந்திரத்துக்குள் போனதும், ரெஜிலா டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

குளத்தூரில் ஒரு தனியார் பள்ளியின் கால்பந்து மைதானம் அது. மறுநாள் போட்டி. இரவு மழையில் உதிர்ந்த ரப்பர் இலைகள் புல்லோடு ஒட்டிக் கிடந்தன. டிராக்டரின் பின்னால் இழுத்துப்போகும் வேக்கம் வண்டிதான் அவற்றை உறிஞ்சி எடுக்கும். இலை நனைந்திருந்தால் விசிறியில் போய் அடைக்கும்.

அன்றும் அடைத்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். “எனக்குக் கை எட்டல்ல, அண்ணா. ஒண்ணு பாக்கணும்.”

கிருஷ்ணன்குட்டி சலித்துக்கொண்டே வந்தார். பக்கவாட்டு மூடியைத் திறந்து, குனிந்து, விசிறிக்குள் கையை விட்டார்.

ரெஜிலா சாவியைத் திருகினாள். எஞ்சின் உறுமியது.

“எடியே! உள்ள எனக்க கையாக்கும்!”

வெடுக்கென்று இழுத்தார். வாட்சின் ஸ்டீல் சங்கிலி எதிலோ மாட்டிக்கொண்டது. கை வரவில்லை.

“மக்கா, ஆஃப் பண்ணு. ஆஃப் பண்ணு மக்கா.”

அவள் ஆஃப் பண்ணவில்லை. விசிறியைச் சுழலவிடும் லிவரின் மேல் கையை வைத்தாள்.

இதே விசிறிதான் அவளுடைய அண்ணன் பிஜியின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. அப்போது இந்த டிராக்டரை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். எஞ்சினை நிறுத்தாமலே அவன் கையை விட்டான் என்று கிருஷ்ணன்குட்டி எல்லோரிடமும் சொன்னார். பள்ளிக்காரர்கள் நம்பினார்கள். போலீஸ் நம்பியது.

பிஜியும் நம்பினான். அந்தச் சில நிமிடங்கள் அவன் நினைவில் இல்லை. இப்போது பள்ளி கேட்டில் காவலுக்கு இருக்கிறான். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிறான். கேட்டைப் பூட்டிய பிறகு பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறான்.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அவனுடைய உடுப்பு ஒரு பிளாஸ்டிக் கவரில் அலமாரிக்கு மேலேயே கிடந்தது. யாருக்கும் அதைத் திறக்க மனம் வரவில்லை. போன வாரம் ரெஜிலா அதை எரித்துவிடலாம் என்று எடுத்தாள். பேன்ட் பாக்கெட்டில் ஒரு சாவி இருந்தது.

டிராக்டரின் சாவி.

எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்ட பிறகுதான் அண்ணன் கையை விட்டிருக்கிறான். வேறு ஒரு சாவிதான் உண்டு. அது அப்போது சூப்பர்வைசரிடம்தான் இருந்தது.

ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் காலையில் சிரித்துக்கொண்டே எதிரில் வரும்போதெல்லாம், அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது எஞ்சின் ஓடுவது அண்ணன் பாக்கெட்டில் கிடந்த அந்தச் சாவியில்தான்.

சத்தம் கேட்டு பிஜி கேட்டிலிருந்து ஓடிவந்தான். டிராக்டரின் மறுபக்கம் வந்து நின்றவன் தங்கையைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

“எலே பிஜி, ஒனக்க தங்கச்சிட்ட சொல்லுலே! இவ என்னைக் கொல்லுவா!”

பிஜியின் பார்வை கீழேயே இருந்தது.

“அன்னைக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணினது ஆரு, அண்ணா?” ரெஜிலா கிருஷ்ணன்குட்டியைக் கேட்டாள். குரலை அவள் உயர்த்தவே இல்லை.

“எனக்கு எப்படித் தெரியும்—”

லிவர் சற்று அசைந்தது.

“நானாக்கும்! நானாக்கும் ஸ்டார்ட் பண்ணினேன்! அவன் குனிஞ்சு நிக்கியத நான் பாக்கல்ல மக்கா. அவசரத்துல லிவரையும் போட்டுட்டேன். கர்த்தராண, பாக்கல்ல!”

கர்த்தர் அவருடைய சாமி அல்ல. அவளுடைய சாமி. அதுகூட அவளுக்கு எரிந்தது.

பிஜி ஓர் அடி முன்னால் வந்தான். “அப்போ நான் ஆஃப் பண்ணித்தான் வெச்சிருந்தேனா?”

“பண்ணித்தான் வெச்சிருந்தே. சாவியும் நீ எடுத்திருந்தே,” என்றார் கிருஷ்ணன்குட்டி.

பிஜி கண்ணை மூடித் திறந்தான். இத்தனை காலமும் அடைத்து வைத்திருந்ததுபோல ஒரு மூச்சு அவனிடமிருந்து வெளியே வந்தது.

கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனி எஞ்சினை நிறுத்தலாம்.

ரெஜிலா லிவரை முழுசாகத் தள்ளினாள்.

கிருஷ்ணன்குட்டியின் அலறல் எஞ்சின் சத்தத்துக்கும் மேலே எழுந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய பேன்ட் நனைந்தது.

அவர் ஓயும்வரை காத்திருந்துவிட்டு அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

வாட்ச் எப்படியோ அறுந்து உள்ளேயே விழுந்தது. கையை வெளியே எடுத்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். ஐந்தும் இருந்தன. புல்லில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

“நீ பாத்துட்டுத்தானே நின்னே பிஜி... ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”



பிஜி நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. டிராக்டரிலிருந்து விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கிருஷ்ணன்குட்டியைக் கூப்பிடும் முன்பே ரெஜிலா கழற்றியிருந்த அந்தத் தண்டு, அவன் கால் பக்கத்தில், ஈரப் புல்லில் கிடந்தது.