கண் வைக்காத யானை

செண்பகவல்லி அம்மாள் பின்னிய கம்பளி யானைக்கு உடல் முடிந்துவிட்டது. கண்கள் மட்டும் எஞ்சியிருந்தன.

"நாளை உனக்குக் கண் வைத்துவிடுவார்கள்," என்றது கொக்கி ஊசி.

"அப்போது அம்மாவின் முகத்தைக் காண்பேன் அல்லவா? இதுவரை அந்த விரல்களை மட்டுமே அறிவேன். நான்கு முறை பிரித்து, நான்கு முறையும் சலிக்காமல் பின்னிய விரல்கள்," என்றது யானை.

அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கம்பளிக் கரடி சிரித்தது. "நான்கு முறை பிரிபட்டவனுக்குப் பெருமையைப் பார். கண் வைத்த அன்று நானும் ஒருமுறை கண்டேன், தம்பி. உடனே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அன்று முதல் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"முகம் எப்படி இருந்தது, அண்ணா?"

கரடி தெருவைப் பார்த்தபடியே சொன்னது: "அது மறந்துவிட்டது. விரல்களின் சூடுதான் நினைவிருக்கிறது."

மறுநாள் காலை அம்மாள் இரண்டு கருமணிகளை எடுத்துக்கொண்டு யானையைக் கையில் ஏந்தினார். யானை தன் பின்னங்காலில் ஒரு பின்னல் கண்ணியைத் தானே மெல்ல நழுவவிட்டது.

"மறுபடியும் விட்டுப்போயிற்றா, ராசா?" என்ற அம்மாள், மணிகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, யானையை மடியில் கிடத்தி, நூலைப் பிரிக்கத் தொடங்கினார்.