கழுத்தில் இருந்த எண்

துறைமுகச் சுங்கக் கிடங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பதினேழு நாளாக நின்றது. கைப்பிடிக்குக் கீழே அதன் கழுத்தில் பொறித்த எண், வண்டிக் காகிதத்து எண்ணோடு ஒத்துப்போனால்தான் கப்பலேற்ற விடுவார்கள். கழுத்திலோ எண்ணே இல்லை.

"துரு போகணும்னு உன் முதலாளியே அரம் போட்டு ராவிட்டாராமே, தம்பி?" என்று சிரித்தது கிடங்கின் கதவுப் பூட்டு.

"வெளிநாட்டுக்குப் போறோம், நீ பளபளன்னு இருக்கணும்னார், அண்ணே."

இந்தப் பதினேழு நாளுக்கு முன், ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் வண்டி அவரைப் பிரிந்ததில்லை.

கப்பல் கடைசிச் சங்கு ஊதியது. முதலாளி மரியதாஸ் ஓடிவந்து, எண் இருந்த இடத்தை ஒருமுறை தடவிவிட்டு, தனியாகக் கப்பலேறப் போனார்.

பூட்டின் சிரிப்பு அடங்கியது. "ராவும்போதே கத்தியிருக்கலாமே, தம்பி?"

"கத்தத்தான் நினைச்சேன். அவர் அவ்வளவு சந்தோஷமாப் பாடிக்கிட்டே ராவினார், அண்ணே" என்றது வண்டி.