எண் நூற்றுப் பன்னிரண்டு

அந்தப் பித்தளைத் தகடு போலி என்று மவ்லுதாவுக்குத் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா நகர நூலகத்தில், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே ஏதோ ஒரு பழைய குளியல்கூடம் இருந்தது. குடியிருப்புத் தலைவர் எர்காஷ் இருக்கும் நாலு மாடிக் கட்டடம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. ஞாயிறு வந்தால் போதும், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரையே வெளியூர்க்காரி மாதிரி சுற்றுவாள். நீரூற்று, பூங்கா, பழைய வாசற்கதவு, எதையும் விடமாட்டாள். அந்த நடையில் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம் எர்காஷ் கட்டடத்தின் பக்கச் சுவர்தான். மாதுளை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு பெண்ணின் படம், நாலு மாடி உயரத்துக்கு, முழுக்க வண்ணச் சில்லுகளால் பதித்தது. கீழே குடியிருப்பவர்கள் வளர்க்கும் ரோஜாத் தோட்டம். சுவரோரம் 'அரசுப் பாதுகாப்பில் உள்ளது, எண் 112' என்று தகடு.

எத்தனை பேரிடம் அதைக் காட்டிப் பெருமையடித்திருப்பாள்!

'குடியிருப்புத் தலைவர்ங்கிற பேர்ல ஊரையே ஏமாத்தியிருக்கார் இந்த எர்காஷ்!'

அன்றைக்கே தொல்சின்ன அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் தெளிவாக.

சனிக்கிழமை எர்காஷிடம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று போனாள். அவர் களைக்கொட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"வா தங்கச்சி, உட்காரு. டீ குடி. உன்னாலதான் இந்தச் சுவரைப் பார்க்க ஜனங்க வருது."

"அண்ணே, இந்தத் தகடு..."

"அதைக் கும்பிடணும் நான்! போன வசந்தத்துல கட்டடம் கட்டுற கம்பெனிக்காரன் இடிக்கிற வண்டியோடயே வந்துட்டான். சுவரை உடைச்சு, தோட்டத்தை மூடி, வரிசையா கடை கட்டுவானாம். தகட்டைப் பார்த்தான், அப்படியே திரும்பிப் போயிட்டான்."

"யார் மாட்டினது அதை?"

"அரசாங்கம்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி மக வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா மின்னுது! வேற யாரு மாட்டுவா?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. மவ்லுதா கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

"என்னம்மா, டீ கசக்குதா?"

"இல்லண்ணே... ரொம்ப நல்லாயிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினாள். திங்கள் காலை அலுவலகம் திறந்த நிமிடமே போன் செய்தாள்.

"என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

"ஆய்வாளர் அதை எடுத்துக்கிட்டு அங்கதான் கிளம்பியிருக்கார்" என்றது ஒரு குரல்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினாள்.

எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, கம்பெனி ஆள் அவளுக்கு முன்னாலேயே வந்து காரில் சாய்ந்து நின்றான். எர்காஷ் ஒன்றும் புரியாமல் முழித்தார். சற்று நேரத்தில் ஆய்வாளர் வந்தார். பெயர் நூரித்தின். ஐம்பது வயது, இறுகிய முகம், கையில் அவள் கடிதம்.

"யாரு மவ்லுதா?"

"நான்தான் சார்." எர்காஷை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "நான் அவசரப்பட்டுட்டேன். பதிவேட்டைச் சரியா பார்க்கலை. கண்ணாடி போட மறந்துட்டேன் சார்."

அவள் வாழ்க்கையில் கண்ணாடி போட்டதே இல்லை.

கம்பெனி ஆள் சிரித்தான். "அப்புறம் என்ன சார், நாமே பார்த்துடுவோம். பதிவேட்டுல இந்தக் கட்டடம் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை. நாளைக்கே நான் வண்டியை வரச் சொல்லணும்."

மவ்லுதா ஆய்வாளரின் வாயையே பார்த்தாள்.

நூரித்தின் அவளைப் பார்த்து வெடித்தார். "படிச்ச பொண்ணுதானே நீங்க? நூலகத்துல இருக்கிறது பழைய பதிவேடு! புதுசு இன்னும் அச்சாகி வரலை. அதுக்குள்ள எங்க உசிரை வாங்குறீங்க!"

பிறகு கம்பெனி ஆளிடம் திரும்பினார். "எண்ணெல்லாம் மாறுது. இந்தச் சுவருக்குப் புதுத் தகடு அடுத்த வாரம் வருது. அதுவரைக்கும் யாராவது ஒரு சில்லைப் பெயர்த்தாலும் வழக்குதான். எழுத்துல வேணும்னா மனு கொடுங்க."

கம்பெனி ஆள் முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினான். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் மவ்லுதாவுக்கு மூச்சு வந்தது.

எர்காஷ் அவள் பக்கமே பார்க்காமல் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். அது அவளைச் சுட்டது.

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள் மெதுவாக. "பழைய பதிவேடுன்னு எனக்குத் தெரியாது."

நூரித்தின் சுற்றும் முற்றும் பார்த்தார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். இப்போது அந்த முகத்தில் இறுக்கம் இல்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"புதுசுன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க நூலகத்துக்கு அடிக்கடி போறவங்கதானே? தகடு மாட்டுற அவசரத்துல போன தடவை நான் சரிபார்க்காம விட்டுட்டேன். இந்தத் தடவையாவது யாருக்கும் கொடுக்காத எண்ணா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."